அடுத்த காம்பராவின் மழை

அம்மாவின் குரலுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழும் மழை.

குமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கோத்தகிரியில் அம்மா தங்கியிருந்த பெரியம்மாவின் வீட்டுக்குத் தகரக் கூரை இல்லை, கொங்கிறீட். "மழை பெஞ்சாலே தெரிய மாட்டேங்குது புள்ள, எனக்குத் தூக்கமே வரல" என்று போன புதிதில் அம்மா குறைப்பட்டிருந்தாள்.

"என்ன கறி இன்னைக்கு?" என்றாள் அம்மா.

"பருப்புதான். காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"

"அது விட்டுருச்சு. நீ வராத. இங்க தெருவுக்குத் தெரு சாகுறாங்க."

"சுதாகரன் அண்ணே டிக்கட்டுக்குச் சொல்லி வச்சிருக்காரே."

"அவன் கெடக்கான். நீ லயத்த விட்டு எங்கயும் போகாத."

"முகத்தயாவது காட்டும்மா. வீடியோ போடு."

"வெளிச்சம் இல்ல" என்றாள் அம்மா. அழைப்பு நின்றது. ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலைக்குள் வரிசை வீடுகளாய் முதுகு குனிந்து கிடக்கும் அந்தப் பழைய லயத்தின் மீதும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தன் பக்கத்துச் சத்தமே போனில் எதிரொலித்திருக்கும் என்று குமாரி நினைத்துக்கொண்டாள். பெலிஹுல்ஓயாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். அப்படித்தான் நினைக்க முடியும்.

ஒரு காலத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்ட தன் அக்காவின் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று அம்மா போயிருந்தாள். அவள் போன அதே மாதத்தில் நோய் பரவி, விமான நிலையங்களை மூடினார்கள். இப்போது அம்மாவுக்குக் காய்ச்சல் என்றும், 'குமாரியைப் பார்க்க வேண்டும்' என்கிறாள் என்றும் பெரியம்மா மகன் சுதாகரன் சொல்லியிருந்தான். ஒரு விசேஷ விமானத்தில் ஓர் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தச் செய்திக்குப் பிறகு அவன் பேசவில்லை. அம்மாதான் தினமும் பேசினாள், பொழுது சாயும் நேரத்தில்.

காலையில் தண்ணீர்ப் பீலியில் குமாரி குடத்தை வைத்ததும் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகினார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பினார் தோட்டத் தலைவர் ஏழுமலை.

"இந்தியாவுக்குப் போறியாமே?"

"இன்னும் முடிவு பண்ணலங்க."

"போறதுன்னா போ. ஆனா திரும்பி இந்த லயத்துக்கு வராத. வெள்ளையம்மாவால நாங்க பட்டது போதும்."

"படிச்ச புள்ளைக்குச் சொல்லியா தரணும்?" என்றாள் பின்னால் ஒருத்தி. "வானத்துல பறந்து வாங்கிட்டு வந்து நமக்கும் பங்கு வைக்கும்." சிரித்தார்கள். குமாரி பாதிக் குடத்தோடு திரும்பினாள். வாசலுக்கு வந்த பிறகுதான் கணுக்காலில் அட்டை கடித்திருப்பதைக் கண்டாள்.

வெள்ளையம்மா அடுத்த காம்பராவில் தனியாக இருந்தவள். லயம் முழுவதற்கும் ஒரே கூரை. ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு இடையில் உள்ள சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. பாதி ஆள் நுழையுமளவு இடைவெளி இருக்கும். அதன் வழியாகத்தான் புகை போகும், சண்டை போகும், கறி போகும். நோய் வந்து வெள்ளையம்மாவின் கதவை வெளியிலிருந்து அடைத்தபோது குமாரிதான் அந்த இடைவெளியால் சோறு கொடுத்தாள். சுவரில் இரண்டு தட்டு கேட்கும். பெட்டி மேல் ஏறித் தட்டை நீட்டுவாள். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். லயத்தில் யாரும் தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். அடைபட்டுக் கிடந்தபோதும் வெள்ளையம்மா இரண்டு காய்ந்த மிளகாயோ ஒரு பிடி கொத்தமல்லியோ வைத்துத்தான் அனுப்பினாள். "நாளைக்கும் குடு கண்ணு" என்பாள்.

வெள்ளையம்மா நன்றாகக் குரல் மாற்றிப் பேசுவாள். கங்காணியாகப் பேசுவாள், துரையாகப் பேசுவாள், குமாரியின் அம்மா ஜெயம்மாவாகவும் பேசுவாள். முன்பெல்லாம் ஜெயம்மா இருக்கும்போதே அவள் குரலில் "குமாரி, வெறகு எங்கடி?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டு ஏமாற்றுவாள். ஜெயம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கும்போது அவளுடைய மூக்குத்தியில் நீலக்கல் மின்னும். அப்பா மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போன காலத்தில், கழித்துப்போட்ட சரளையில் பொறுக்கிய கல். கொஞ்சம் கோணலானது.

ஆம்புலன்ஸ் வந்த அன்று வெள்ளையம்மா சுவரோடு வாயை வைத்துக் கேட்டாள். "நீ அம்மாகிட்ட போயிருவியா கண்ணு? அப்புறம் எனக்கு யாரு சோறு தருவா?" பிறகு அவளை எங்கேயோ எரித்துவிட்டதாகச் சுகாதார அதிகாரி, பீ.எச்.ஐ. மாத்தயா, வந்து சொன்னார். சாம்பல் வரவில்லை. காம்பராவைப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வியாழக்கிழமை காற்று அடித்தது. அடுத்த காம்பராவுக்கு மேலே ஆணி கழன்ற தகரம் ஒன்று எழுந்து எழுந்து விழுந்தது. டப். டப். ஈரச் சாக்கின் வாடையும் அணைந்த அடுப்பின் வாடையும் இடைவெளியால் இறங்கி வந்தன. பூட்டிக் கிடக்கும் காம்பராவில் அடுப்பு எப்படி அணையும் என்று அவள் யோசிக்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"என்ன கறி இன்னைக்கு?" என்றாள் அம்மா.

போனில், அவளுக்குப் பின்னால், டப் என்றது. அதன் பிறகே இங்கே, சுவருக்கு மேலே, டப் என்றது.

எதிரொலி பிந்தித்தான் வரும். இது முந்தி வந்தது.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? நீ வந்து எனக்கு ஆகப்போறது ஒன்னுமில்ல. வராத. வந்தா ஒன் மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

அம்மா இப்படிப் பேசுகிறவள் அல்ல. ஆனால் குமாரிக்குப் பயமாக இருந்தது. மூடிய விமானத்துக்கு, தெரியாத ஊருக்கு, திரும்பி வரும்போது பீலியில் நிற்கப்போகும் ஏழுமலைக்கு. அம்மாவே வேண்டாம் என்கிறாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மறுநாள் பலாங்கொடையில் டிக்கட் போடும் நுஹ்மானுக்குப் பேசினாள்.

"நல்லா யோசிச்சீங்களா தங்கச்சி? இந்த பிளைட் போனா அடுத்தது எப்பன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"அம்மாவே வர வேணாம்னு சொல்றாங்க."

"உம்மாமார் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி, வேற ஆளுக்குக் குடுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விமானம் போனது. அன்றைக்கு அம்மா பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மழை விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி வாசலில் நின்றது. கரண்ட் போயிருந்தது. எங்கோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது. குப்பி லாம்பை ஏற்றி வைத்துவிட்டு, சோற்றைத் தட்டில் போட்டு, மேலே பருப்பை ஊற்றினாள்.

சுவரில் தட்டும் சத்தம். இரண்டு தரம்.

பெட்டி மேல் ஏறினாள். தட்டை இடைவெளிக்குள் நீட்டினாள். அந்தப் பக்கம் தட்டைப் பிடித்தது. கை லேசானது. இறங்கி, இன்னொரு தட்டை எடுத்துத் தனக்குச் சோறு போட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது.

அகப்பை கையிலேயே இருந்தது. சுவரைப் பார்க்காமல் நின்றாள். சுவருக்கு அப்பால் யாரோ சாப்பிட்டார்கள். விரலைச் சூப்பும் சத்தம். தட்டில் நகம் உரசும் சத்தம். அவசரமே இல்லை.

போன் அடித்தது. சுதாகரன்.

"குமாரி! எத்தன நாளா அடிக்கிறேன், ஒன் லைன் எப்பவும் பிஸின்னே வருது. யார்கிட்ட அப்படிப் பேசிக்கிட்டிருந்த?"

"அம்மாகிட்ட."

"சித்தியால எப்படிம்மா பேச முடியும்? ரெண்டு வாரமா வாயில குழாய். போன் என்கிட்டதான் இருக்கு, சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு. குமாரி வந்துட்டாளா, குமாரி வந்துட்டாளான்னு கையாலயே கேட்டுக்கிட்டு இருந்தாங்க." அவன் அழுதான். "இன்னைக்குக் காலைல முடிஞ்சிருச்சு. யாரையும் கிட்ட விடல. மூக்குத்தியக்கூடக் கழட்ட விடல. அப்படியே கொண்டுபோய் எரிச்சுட்டாங்க."

சாப்பிடும் சத்தம் நின்றது.

"குமாரி? இருக்கியா?"

இருந்தாள். லாம்புச் சுடர் சாய்ந்தது. காற்று இல்லை.

சுவரில் இரண்டு தட்டு.

பிறகு அம்மாவின் குரல். போனில் இல்லை. மேலே, இடைவெளியில், மிகப் பக்கத்தில்.

"சாப்பிட்டேன் கண்ணு."

அம்மா அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

தகரத்துக்குக் கீழே இருட்டு அசைந்தது. ஒரு கை வந்தது. முழங்கை வரை வந்தது. அதற்கு மேலும் வந்தது. சுவரின் இந்தப் பக்கமாக மடங்கி, கீழே, அவள் முகத்துக்கு நேராக இறங்கி வந்தது. விரல்களில் பருப்பு. அவளுடைய தட்டு.

வெறுந்தட்டு அல்ல.

சாம்பல். குவித்து வைத்த சாம்பல். சூடு அவள் கன்னத்தில் பட்டது. நடுவில், கோணலாக, ஒரு சின்ன நீலம்.

"நாளைக்கும் குடு" என்றது அம்மாவின் குரல்.

கை அசையாமல் காத்திருந்தது. குமாரியின் கைகள், பழக்கத்தில், வாங்குவதற்கு மேலே எழுந்தன.