செத்த பக்கம்

மிச்சியோ உளியை நிறுத்திய பிறகும் சுரண்டும் சத்தம் இன்னொரு முறை கேட்டது.

மழைதான் என்று சொல்லிக்கொண்டாள். ஜப்பானின் போன்சாய் ஊரான கினாஷியில் ஜூன் மழை ஒரு வாரமாக விடவில்லை. பட்டறைத் தகரக் கூரையில் அது போடாத சத்தமில்லை. அவள் எதிரே மேசையில் அண்ணன் இசாவோவின் ஜூனிப்பர் போன்சாய் நின்றது. அதன் இடப்பக்கம் பட்டுப்போன கட்டை. அதைச் செதுக்கி எலும்பு மாதிரி வெளுக்க வைத்தால்தான் மரத்துக்கு அழகு. வலப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு, சாறு ஓடும் ஒரே ஒரு உயிர்ப்பட்டை, வேரிலிருந்து நுனிவரை ஏறுகிறது. அதன் ஓரமாகச் சாக்பீஸில் கோடு போட்டிருந்தாள். கோட்டைத் தாண்டி உளி பட்டால் மரம் போய்விடும்.

மார்ச்சில் பக்கவாதம் வந்து இசாவோவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளுக்கு அவரை விட்டால் யாருமில்லை. அவர் சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, என்ன சொல்வதென்று தெரியாமல் தொழில் பேச்சையே எடுத்துவிட்டாள்.

"பாதி செத்தாதான் அண்ணா, ஜூனிப்பர் முன்னூறு வருஷம் நிக்கும்."

அவர் தன் இடக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கஞ்சியை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

சர்ர்க்.

இந்த முறை உளி அவள் மடியில் கிடந்தது.

"அண்ணா? என்ன பண்றீங்க?"

பக்கத்து அறையின் காகிதக் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. "உன் வேலையப் பாரு. நீ உளி பிடிக்கிறியா, சோத்துக் கரண்டி பிடிக்கிறியா? சத்தத்துலயே தெரியுது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்த வாடை. அழுகின முட்டை வாடை. செதுக்கி முடித்த கட்டைக்கு வெளுப்பேற்றப் பூசும் கந்தகச் சுண்ணாம்புத் தண்ணீர். அதை அவள் இன்னும் திறக்கவே இல்லையே. அலமாரியைப் பார்த்தாள். பாட்டில் இல்லை. பிரஷ் இல்லை. சின்ன உளியும் இல்லை.

அவரால் தனியாக எழுந்து நிற்கக்கூட முடியாது.

சர்ர்க். சர்ர்க். நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். காய்ந்த கட்டையின் சத்தம். அந்த அறையில் கட்டையே கிடையாது.

கதவைத் தள்ளினாள்.

இசாவோ படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடக்கை தோள்வரை வெள்ளை. வரிவரியாக, மர இழை. ஒரு சொட்டு ரத்தமில்லை. மடியில் விரித்த செய்தித்தாளில் சுருள்சுருளாகச் சீவல்.

"வலிக்கவே இல்ல, மிச்சி. நீ சொன்னது சரிதான்."

வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. உளியை வைத்துவிட்டு வலக்கையால் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நெஞ்சுக்கு வந்துட்டேன். உயிர்ப்பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. நீ கோடு போட்டுக் குடு."