கடைசிப் பெட்டி

பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், குடையைத் தூக்கிக்கொண்டு மகளைக் கூட்டிவரப் போனார். அவர் படித்த அதே தொடக்கப் பள்ளி. அதே நீளமான தாழ்வாரம், சுண்ணாம்பும் ஈரச் சாக்பீஸும் கலந்த அதே வாசனை. அவர் மட்டும்தான் வழுக்கையோடு திரும்பி வந்திருந்தார்.

இங்கே சேர்க்க வேண்டாம் என்றுதான் மனைவி சொன்னாள்.

"நான் படிச்ச ஸ்கூலு" என்றார் இவர், பெருமையாக.

"படிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க?"

"கிழிக்கிறது ஊர்க்காரங்க வேலை. நான் தைக்கிறவன்."

அன்று சிரித்ததோடு சரி.

சேர்ந்த வாரத்திலிருந்தே மகளின் சீருடைக் கவுனில் ஒரே இடத்தில் தையல் பிரிந்தது. முதுகுப் பக்கம், கீழ் மடிப்பில், ஒரு சின்னக் கை பிடிக்கிற அகலத்துக்கு. மற்ற இடமெல்லாம் புதுசாகவே இருந்தது. தினமும் தைத்தார். தினமும் பிரிந்தது. சொந்த மகளின் துணியே நிற்காத தையல்காரனிடம் எவன் வருவான் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். நேற்றுதான் மகளிடம் கேட்கத் தோன்றியது.

"யாரு கண்ணு உன் கவுனைப் பிடிச்சு இழுக்கறது?"

"பின்னாடி வர்ற பாப்பா."

"வரிசையில நீ எங்க நிப்ப?"

"நான்தான்பா கடைசிப் பெட்டி."

ஊசி விரலில் ஏறியது. வலி உறைக்கவில்லை.

அந்தப் பள்ளியில் ரயில் விட்டுத்தான் பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். தாழ்வாரம் இருட்டு என்பதால், முன்னால் போகிறவரின் சட்டை நுனியைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைதான் கடைசிப் பெட்டி. சின்ன வயசில் அவர் சேர்ந்த அன்று, அதுவரை கடைசியில் நின்ற ஓமக்குச்சி என்ற பையன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். என்ன பாசமான பள்ளிக்கூடம் என்று நினைத்தார்.

தாழ்வாரத்தில் பாதி தூரம் போனதும், யாருமே இல்லாத பின்பக்கத்திலிருந்து ஒரு கை அவர் சட்டை நுனியைப் பிடித்தது.

ஈரமான கை.

அது அடிக்கவில்லை, பேசவில்லை. பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. வீட்டுக்கும் வந்தது. கோடை விடுமுறை முழுக்க அவர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே திரிந்தார். வேர்க்குரு என்று நினைத்து வீட்டில் பவுடர் போட்டுவிட்டார்கள். அவர் இளைத்துத் துரும்பானார். அடுத்த வருடம் புதுப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்து, இவர் ஒரு பெட்டி முன்னால் நகர்ந்த அன்றுதான் அது கைமாறியது. பிறகு மீசை வந்தது, கல்யாணம் வந்தது. எல்லாம் சின்ன வயசுப் பிரமை என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

"டீச்சர், புதுசா பிள்ளைங்க எப்போ சேருவாங்க?"

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தார். "சேர்க்கையா? உங்க பொண்ணுதாங்க கடைசி. இந்த வருஷத்தோட ஸ்கூலையே இழுத்து மூடறாங்க. தெரியாதா உங்களுக்கு?"

"அப்போ அவளுக்குப் பின்னாடி..."

"இனிமே யாரு வரப் போறா?"

இடி இடித்தது. மின்சாரம் போனது. பிள்ளைகள் பழக்கப்பட்ட மாதிரி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயிலானார்கள்.

"நானும் ஏறிக்கவா டீச்சர்?"

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே டீச்சர் முன்னால் போனார்.

தையல்காரர் குனிந்து மகளின் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வந்தவன்தானே கடைசிப் பெட்டி? இன்றைக்குப் புதிதாக வந்தவர் அவர்தான். என்னைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சினார். வழுக்கை, தொப்பை, மூட்டுவலி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள். அவளை விட்டுவிடு.

ரயில் நகர்ந்தது. இருட்டில் சின்னச் சின்னச் செருப்புகள் தரையில் உரசின. முதுகில் அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டே நடந்தார்.

ஒன்றும் வரவில்லை.

பாதி தாழ்வாரம் கடந்தும் வரவில்லை.

அவருடைய விரல்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. மகளின் கவுன் வழுவழுப்பான டெரிகாட்டன், அவரே வெட்டித் தைத்தது. கையில் இருந்ததோ முரட்டுப் பருத்தி, நனைந்து கனத்திருந்தது. அப்படி ஒரு துணி அவர் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"அப்பா."

மகளின் குரல் தாழ்வாரத்தின் மறுமுனையில், வாசல் பக்கத்திலிருந்து கேட்டது.

"எங்கப்பா நிக்கறீங்க?"

கையிலிருந்த துணி மெதுவாக நழுவியது. பிறகு ஈரமான வெறும் பாதங்கள் அவசரமாக மகள் இருந்த பக்கம் ஓடின.

வீட்டுக்கு வந்ததும் மகள் உடை மாற்றிக்கொண்டு, எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். மழை விட்டு, ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தையல்காரர் கவுனை மடியில் போட்டு, கித்தான் பை தைக்கிற நூலை ஊசியில் கோத்தார். போன மாதம் அளவெடுத்துத் தைத்த கவுன். இன்று காலையிலேயே அவளுக்குத் தொளதொளத்தது.

"இனிமே புதுசா யாருமே வர மாட்டாங்களாப்பா?"

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவர் அவர். இப்போது குனிந்து ஊசியை ஓட்டினார்.

பிரிந்த இடத்தில் இரட்டைத் தையலாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசிக் குத்தில், மடியில் கிடந்த கவுனின் மறுமுனை மெல்ல இழுபட்டது.

மகள் சுவரோரத்தை விட்டு அசையவில்லை.

"இரு கண்ணு" என்றார் தையல்காரர், தலை நிமிராமல். "முடிச்சுப் போட்டுத் தந்துடறேன்."

இழுப்பு நின்றது. நுனியில் ஈரம் பரவ, அது பொறுமையாகக் காத்திருந்தது.