பதினொரு பாபின் கேஸ்கள்

காலை எட்டரை மணி. தையல் டீச்சர் வகுப்பறைப் பூட்டைத் திறந்து, முதல் மெஷினின் உறையை எடுத்து, ஊசிக்குக் கீழே கையை விட்டார். கை வெறுமனே வந்தது. கீழ்நூலைத் தாங்கும் பாபின் கேஸ் அங்கே இல்லை. அது இல்லாவிட்டால் ஒரு தையலும் விழாது. அடுத்ததிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. பன்னிரண்டு மெஷின்களில் பதினொன்றைக் காலி செய்துவிட்டு, நடு வரிசையின் நடுவிலிருந்த ஒன்றை மட்டும் யாரோ விட்டுவைத்திருந்தார்கள். பூட்டு உடையவில்லை. அலமாரியிலிருந்த புதுத்துணி அப்படியே இருந்தது.

டீச்சர் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தவர் விசாரணை அக்கா. அந்தச் சமுதாயக் கல்லூரியின் வாசலில் ‘விசாரணை’ என்று பலகை வைத்த மேசையில் உட்கார்ந்து, சேர வருகிறவர்களோடு பேசுவது அவர் வேலை. வந்தவர் ஒன்று கேட்டால் அக்கா திருப்பிப் பத்து கேட்பார், அதனால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தையோடு கணவன் வீட்டை விட்டு வெளியேறிய காலத்தில் இந்தத் தையல் அறைதான் அவருக்குச் சோறு போட்டது. அதில் யாராவது கை வைத்தால் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர்.

ஒன்பது மணிக்கு முதல்வர் அறையில் கூடினார்கள்.

“பதினோரு மணிக்குப் பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் பார்க்க வர்றாங்க. இன்னிக்குப் பதினைஞ்சு பேர் சேரலன்னா தையல் பிரிவை மூடச் சொல்லிட்டாங்க” என்றார் முதல்வர். நல்ல அம்மாள்தான், ஆனால் நிர்வாகக் குழு என்றாலே குரல் இறங்கிவிடும்.

துணை முதல்வர் ஃபிட்டர் பிரிவு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். “வர வேண்டாம்னு சொல்லிடுங்க மேடம். பதினொண்ணு போச்சு. மிச்சம் இருக்கறதும் ரெண்டு மாசமா ரிப்பேர். எதைக் காட்டப்போறோம்? ஆள் பிடிக்கத் தெருத்தெருவா அலையறதை விட்டுட்டு, அந்த ரூமைத் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு வாடகைக்கு விடுங்க. கூட்டம் அள்ளும்.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகை முந்திக்கொண்டது.

“ஒரு மணி நேரம் குடுங்க மேடம்” என்று அக்கா எழுந்தார்.

முதலில் வாட்ச்மேன்.

“ராத்திரி யாரு வந்தாங்க அண்ணே?”

“வெளியாள் யாரும் வரல.”

“தையல் கிளாஸ் முடிஞ்சப்புறம் உள்ளாள் யாரு இருந்தா?”

“ஆபீஸ்காரங்க எல்லாரும்தான் இருந்தாங்க. சாவி ஆணியில தொங்குது, யாரு வேணா எடுக்கலாம்.”

“மெஷின்ல எது ஓடும், எது ஓடாதுன்னு தெரியுமா?”

“எனக்கு கேட்டைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். வாங்கற சம்பளத்துக்கு அது போதும்மா.”

அடுத்து டீச்சர்.

“அந்த நடு மெஷின் ஓடுமா?”

“ஓடும்க்கா. நேத்து கிளாஸ்ல எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டேன். பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு கை தட்டுச்சுங்க.”

“இதைத் துணை முதல்வர்கிட்ட நீங்க சொல்லலையா?”

“சொல்லத்தான் வந்தேன். அழுகை வந்துடுச்சு.”

“இப்போதைக்குச் சொல்லாதீங்க.”

பத்து மணிக்கு மறுபடியும் முதல்வர் அறை.

“இதுல துப்புத் துலக்க என்ன இருக்கு?” என்றார் துணை முதல்வர். “ரூம் சாவி டீச்சர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. பாபின் கேஸைக் கழட்டவும் அவங்களுக்குத்தான் தெரியும்.”

“உங்களுக்கும் தெரியும் சார். சரி, எடுத்தவர் ஒண்ணை மட்டும் ஏன் விட்டார்?”

“அவசரத்துல விட்டிருப்பான்.”

“ஓரத்துல இருந்தா அப்படிச் சொல்லலாம். இது நட்டநடுவுல இருக்கு. இந்தப் பக்கமும் எடுத்திருக்கு, அந்தப் பக்கமும் எடுத்திருக்கு. ஒண்ணும் தெரியாத திருடனா இருந்தா பன்னிரண்டையும் அள்ளியிருப்பான். ஓடாத மெஷின்ல எதுக்கு மெனக்கெடணும்னு நினைச்ச ஆள்தான் அதை விட்டிருக்கார்.”

“அப்போ டீச்சர்தான்.”

“டீச்சர் நேத்தே அதை ஓட வச்சுட்டாங்க. பிள்ளைங்களும் பார்த்துச்சு. அது ரிப்பேர்னு இன்னிக்குக் காலை வரைக்கும் நம்பிட்டிருந்த ஆள் யாரு?” அக்கா திரும்பினார். “டீச்சர், ரிப்பேர்னு யார்கிட்ட சொல்லியிருந்தீங்க?”

“சார்கிட்ட மட்டும்தான். பிரிவோட பேர் கெட்டுடும்னு வேற யார்கிட்டயும் மூச்சு விடல. எத்தனையோ தடவை கேட்டேன். பார்க்கலாம், பார்க்கலாம்னார். வந்துகூடப் பார்க்கல.”

துணை முதல்வரின் முகம் செத்துப்போனது. நேற்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்.

“அந்தப் பயிற்சி மையம் யாரோடது சார்?” முதல்வர் மெதுவாகக் கேட்டார்.

“என் மச்சானோடது.” பிறகு அவருக்கே வீம்பு வந்துவிட்டது. “ஆமா, நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் கால்வாயில போட்டாச்சு. வெளிய சொன்னா காலேஜ் மானம்தான் போகும். வர்றவங்க அப்படியே திரும்பிடுவாங்க. சொல்லிப் பாருங்க.”

பதினோரு மணிக்குப் பெண்கள் வந்து தையல் அறையில் நிறைந்தார்கள். “கரண்டு இல்லன்னு ஏதாவது சொல்லிச் சமாளிங்க” என்று முதல்வர் அக்காவின் காதில் கிசுகிசுத்தார்.

“மாட்டேன் மேடம். திருடினவர் கூச்சப்படட்டும், நாம ஏன் கூச்சப்படணும்?”

அக்கா மெஷின்களின் உறைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். “பார்த்துக்குங்க. பதினொண்ணு ஓடாது. எங்க துணை முதல்வரே பாகத்தைக் கழட்டிக் கால்வாயில போட்டுட்டார். இந்த ரூமை மூடணும்னு ஒரு பெரிய மனுஷன் ராத்திரி திருட்டு வேலை பார்க்கறார்னா, இங்க நீங்க கத்துக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. இதே ரூம்ல தச்சுத்தான் நான் என் பிள்ளையை வளர்த்தேன். பாகம் ரெண்டு நாள்ல வந்துடும். வரலன்னா இந்த ஒரு மெஷின்ல முறை வச்சுக் கத்துக்குவோம். மூட மட்டும் விடமாட்டோம்.”

அக்கா சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி முன்னால் வந்து, ஓடாத மெஷின் ஒன்றின் முன்னே உட்கார்ந்தாள். “என்னைப் படிக்க விடக்கூடாதுன்னு வீட்டுல ஒரு கூட்டமே இருக்கு. இங்கயும் ஒருத்தரா? பார்த்துடலாம். இந்த மெஷின் எனக்கு.”

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு நாற்காலிக்குப் போட்டி வந்துவிட்டது. பன்னிரண்டும் நிரம்பி, ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றபடியே பெயர் கொடுத்தார்கள்.

“இடம் பத்தாது மேடம்” என்றார் அக்கா. “பக்கத்து ரூமும் வேணும்.”

பக்கத்து அறை துணை முதல்வருடையது. முதல்வர் ஒரு நிமிடம் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத குரலில் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, சாரோட மேசையைத் தூக்கி வெளிய போடுங்க.”