அடைத்த ஜன்னல்

மூன்று மாதத்துக்கு முன் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் வழியாக மாலை ஐந்தேகாலுக்கு வெயில் உள்ளே விழுந்தது.

அவள் வீடுகளை வரைபவள். எத்தனை மணிக்கு எந்தத் தரையில் வெயில் படும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடுவாள். தன் குடும்பத்துக்கு வரைந்தபோது, மாடியில் மகள் அறைக்கு மேற்கே ஏரி வருமாறு அமைத்தாள். தரையில் உட்கார்ந்து விளையாடும்போதும் ஏரி தெரிய வேண்டுமென்று, ஐந்து வயது மகளை உட்காரவைத்துக் கண் உயரத்துக்கு டேப் பிடித்தாள். ஒன்றரை அடி. அங்கிருந்தே ஜன்னல் தொடங்கியது. கம்பி வைத்தால் ஏரி துண்டு துண்டாகத் தெரியும் என்று அதையும் வேண்டாமென்றாள்.

"மூணு அடியாவது வைங்கம்மா, புள்ள எட்டிப் பாக்கும்" என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"எட்டிப் பாக்கத்தானே அண்ணே ஜன்னல்" என்று சிரித்து அவர் வாயை அடைத்தாள்.

மகள் எட்டித்தான் பார்த்தாள். கீழே கருங்கல் தளம். பிறகு அதே கொத்தனார் வந்து ஜன்னலை அடைத்துப் பூசிவிட்டுப் போனார். அவள் அன்றும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. மிச்சமிருந்தவன் மகளின் ஒன்றரை வயதுத் தம்பி. அவனை மாடிப்படி மிதிக்க விட்டதேயில்லை.

வெயில் முதல் நாள் உள்ளங்கையளவு வந்தது, மறுநாள் முழு ஜன்னலளவு. சுவரைத் தொட்டால் சில்லென்றிருந்தது, தரை சுட்டது. புதுச் சுண்ணாம்பு வாசத்தினூடே, குளித்துவிட்டு வரும் மகளின் ஈரத் தலைமுடி வாசம். கணவனிடம் சொன்னாள். கொஞ்சம் படுத்துத் தூங்கு என்றான். மூன்றாம் நாள் அந்த வெளிச்சத்தில் ஒரு நிழல் நின்றது. தலை, தோள், இரட்டைச் சடை. பயப்பட வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. தினமும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்றும் தம்பியைத் தூங்கவைத்து, கீழறையைப் பூட்டி, சாவியோடு வந்திருந்தாள்.

ஐந்தேகால்.

வெயில் வந்தது. சடை நிழல் வந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று. குட்டையாக. உச்சியில் சிலிர்த்து நிற்கும் முடி. காலையில் அவள் எத்தனை வாரியும் படியாத முடி.

கீழேயிருந்து கணவன் கேட்டான். "ரூம் ஏன் பூட்டியிருக்கு? உள்ள சத்தமே இல்லையே. தம்பி உன்கிட்டதானே இருக்கான்?"

சாவி அவள் கைக்குள் இருந்தது. தரையில், பெரிய நிழல் சின்ன நிழலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.