பின்சக்கரத்துக் கட்டை

கூடலூரில் பஸ் மாறி ஓவேலியில் இறங்கியபோது மணி பதினொன்று. ஆனாலும் டீக்கடைக்காரர் உள்ளே லைட்டைப் போட்டு வைத்திருந்தார். அவ்வளவு மூடுபனி. பிராங்ளின் ஒரு டீயைக் குடித்துவிட்டு, பழைய இரும்பு வியாபாரி சுப்பண்ணனின் கொட்டகைக்கு வழி கேட்டார். வண்டி வாங்க வந்திருக்கிறார். அம்பாசிடர் பிக்கப். முன்பக்கம் கார், பின்பக்கம் சாமான் ஏற்றுகிற தொட்டி. ஒரு காலத்தில் நீலகிரி எஸ்டேட்டுகளில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்ற இப்படித்தான் காரை அறுத்துத் தொட்டி கட்டிக்கொண்டார்கள்.

பிராங்ளினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். குன்னூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் சூப்பிரண்டு. சர்ச்சில் சபைச் செயலாளர். நல்ல மனுஷன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

பழைய வண்டியை வாங்கிப் புதுசாக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது மனைவி அலீனா சிரித்துவிட்டாள். வீட்டில் ஃப்யூஸ் போட ஆள் கூப்பிடுகிறவருக்கு இதென்ன வேண்டாத வேலை என்றாள். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட் தெரிந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. கடைசி இரண்டு எண் முப்பத்தொன்பது. இருபத்துமூன்று வருஷமாக அந்த எண்ணை எங்கே கண்டாலும், பஸ் டிக்கெட்டில் கண்டாலும்கூட, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வண்டியை ஓட்டி ஒரு மனிதனைக் கொன்றவர் அவர்.

கொட்டகைக்குள் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேட்டில் நின்றது. எட்டு வருஷமாக ஓடாத வண்டி. ஆனால் பக்கத்தில் போனதும் ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசனை அடித்தது. பிராங்ளின் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். சுப்பண்ணன் குனிந்து பின்சக்கரத்தைக் காட்டினார்.

"ஏனுங்க, ஹேண்ட்பிரேக் சுத்தமா நிக்காதுங்க. இந்தக் கட்டையை மட்டும் தொலைச்சுராதீங்க. வண்டியோடயே வந்ததுங்க."

அது தேயிலை வேரில் செதுக்கிய முக்கோணக் கட்டை. செதுக்கிய கை யாருடையது என்று பிராங்ளினுக்குத் தெரியும். விலை பேசி முடித்துக் கிளம்பும்போது சுப்பண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "இத்தனை வருசத்துல நான் ஒரு நாளும் அதுக்குப் பின்னாடி போய் நின்னதில்லைங்க."

அந்தக் கட்டையைச் செதுக்கியவர் தங்கையா. இலங்கையில் கண்டிப் பக்கமிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். பிராங்ளின் பீல்டு ஆபீசராக இருந்த எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை ஏற்றுகிறவர். மலையில் வண்டியை மேட்டில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். கிளம்பும்போது டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். பின்னால் ஒருவர் குனிந்து கட்டையை எடுத்து, ஒதுங்கி நின்று, தொட்டிக் கதவில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் இரு, இன்னும் ஒதுங்கவில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அன்று டிரைவர் லீவு. சாயங்காலம் நாலரை மணி, மழை. அலீனா வீட்டார் ஐந்தரைக்கு மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தது. கொழுந்தை ஃபாக்டரியில் இறக்கிவிட்டு ஓட வேண்டுமே என்ற பரபரப்பில் பிராங்ளினே ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் ஒரு தட்டு கேட்டது. இன்னொன்றும் வந்துவிடும் என்று அவர் காலை எடுத்தார். எஞ்சின் அணைந்தது. வண்டி நாலடிகூட உருண்டிருக்காது. பின்னால் கல்சுவர் இருந்தது, நடுவில் தங்கையா.

அவர் செத்த பிறகு நடந்ததுதான் பெரிய பாவம். மானேஜர் சொல்லச் சொல்ல பிராங்ளின் தன் கையாலேயே ரிப்போர்ட் எழுதினார். தங்கையா குடித்திருந்தார், வண்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தார் என்று எழுதினார். தங்கையா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. அந்த ஒரு தாளால் அவர் மனைவி சாந்தாமணிக்கு எஸ்டேட்டில் கொடுத்திருந்த லயத்து வீடு போயிற்று. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் வந்தது. இப்போது அந்த அம்மா குன்னூரில், பிராங்ளின் செயலாளராக இருக்கிற அதே சர்ச்சைக் கூட்டித் துடைக்கிறார். ஞாயிறுதோறும் "தோத்திரம் ஐயா" என்கிறார். இவரும் "தோத்திரம்" என்று திருப்பிச் சொல்கிறார். நாக்கு கூசியதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் வண்டியை வாங்கினார். ஒரு துளி பழசு மிச்சமில்லாமல் அதைப் புதுசாக்கிவிட்டால், உள்ளே கிடப்பதும் போய்விடும் என்று நம்பினார்.

லாரியில் ஏற்றி வந்து வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். சரிவான முற்றம். வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்க, பின்பக்கம் தடுப்புச் சுவரைப் பார்த்து நின்றது. மெக்கானிக் கியர்பாக்ஸைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார், கால் பிரேக்கைச் சரிசெய்தார், ஹேண்ட்பிரேக் கேபிள் வர இரண்டு வாரமாகும் என்றார். பெயிண்ட் சுரண்டுகிற வேலையை மட்டும் பிராங்ளின் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் பானெட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

டொக்.

பின்பக்கத் தொட்டிக் கதவில். ஒரே ஒரு தட்டு.

சமையலறையிலிருந்து அலீனா யாரோ வந்திருக்கிறார்கள் போல, பாருங்கள் என்றாள். பிராங்ளின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

மறுநாள் அந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் வீசினார். சக்கரத்துக்கு நாலு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். விடிந்து பார்த்தால் செங்கல் நாலும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. எடுத்துப் பார்த்தார். சொதசொதவென்று நனைந்திருந்தது.

நேற்று மழை பெய்யவில்லை.

பிறகு தொட்டிக் கதவைச் சுரண்டினார். மேலே பச்சை. அதன் அடியில் நீலம். அதற்கும் அடியில் எஸ்டேட்டின் பழைய மஞ்சள். மஞ்சளில் ஒரு கையின் தடம் பதிந்திருந்தது. விரித்த ஐந்து விரல். அவசர அவசரமாகத் தேய்த்தார். பிரைமரிலும் அதே கை. வெறும் தகடு வரை தேய்த்தார். தகட்டில் அதே இடத்தில் அதே ஐந்து விரல், துருவாக. உடனே ஆளைக் கூப்பிட்டுக் கதவையே அறுத்து எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் புதுத் தகடு முழுக்கப் பனி படிந்திருந்தது. ஒரு கை அளவு இடத்தில் மட்டும் படியவில்லை.

தினமும் நாலரைக்கு அந்தச் சத்தம். ஒரு தட்டு. இரண்டாவது ஒரு நாளும் வரவில்லை. பிராங்ளினுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. சுகர் கூடிவிட்டதோ என்று அலீனா பயந்தாள்.

பன்னிரண்டாம் நாள், அலீனா பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், அவர் சாந்தாமணியை வரச் சொன்னார். அந்த அம்மா படியிறங்கி வந்தார், வண்டியைப் பார்த்தார், நின்றுவிட்டார். எந்த வண்டி என்று கேட்கவில்லை. தூறல் பிடித்ததால் இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல பிராங்ளினுக்குத் தைரியமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததும் பழக்கத்தில் கால் பிரேக்குக்குப் போயிற்று.

"அம்மா, அவர் அன்னிக்குக் குடிச்சிருக்கலை. வண்டியை எடுத்தது நான்தான். பொய்யா எழுதிக் கொடுத்ததும் நான்தான்."

சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலக்கூட இருந்தது. சாந்தாமணி கண்ணாடியில் தூறல் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு தட்டாம இருந்திருக்க மாட்டாரே ஐயா. தட்டினாரா?"

எல்லாவற்றையும் சொன்ன மனுஷனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. இதைச் சொன்னால் அது விபத்தாக இருக்காது.

"எனக்குக் கேக்கலைம்மா."

டொக்.

சீட்டு அதிர்ந்தது. பச்சைக் கொழுந்து வாசனை உள்ளே நிறைந்தது. சாந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

"இது கேட்டுச்சா ஐயா?"

"கேட்டுச்சு," என்றார் பிராங்ளின். பிறகு, குரலே இல்லாமல், "அன்னிக்கும் கேட்டுச்சும்மா. ஒரு தட்டு."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கதவைத் திறந்து இறங்கினார். பின்சக்கரத்தருகே அவர் குனிவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கட்டையை உருவி, சேலைத் தலைப்பால் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"இது எங்க லயத்துக் காம்பராவுல அவரு ஒக்காந்து செதுக்குனது. நான் கொண்டு போறேன். எங்கிட்டச் சொல்லி என்ன ஐயா ஆகப்போவுது? அவரு குடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? சபையில, எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

படியேறிப் போய்விட்டார். மூடுபனி அவரை மூடிக்கொண்டது.

அப்போதுதான் பிராங்ளினுக்கு உறைத்தது. கட்டை இல்லை. ஹேண்ட்பிரேக் நிற்காது. கியர்பாக்ஸ் கோயம்புத்தூரில். வண்டியின் மொத்தப் பாரமும் அவருடைய வலது காலில் இருந்தது.

பின்னால் சுவர்தான். யாரும் இல்லை, அது அவருக்குத் தெரியும். காலை எடுத்தால் வண்டி நாலடி உருண்டு புதுத் தகடு நசுங்கும், அவ்வளவுதான். எடுத்துவிடலாம்.

கண்ணாடியில் பார்த்தார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பனி மட்டும்தான் இருந்தது. ஆனால் தொட்டிக் கதவு மெல்ல முனகியது. யாரோ இரண்டு கையையும் ஊன்றி அதில் சாய்ந்து நிற்கிற முனகல்.

அவரால் காலை எடுக்க முடியவில்லை.

"சொல்லிடறேன் தங்கையா," என்று கிசுகிசுத்தார். "ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். போகட்டுமா?"

டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருந்தார். தூறல் நின்றது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முழங்காலுக்குக் கீழே கால் நடுங்கத் தொடங்கியது. இன்னும் அழுத்தி மிதித்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை.