மூன்று பொட்டு

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ராஜமாணிக்கத்துக்குத் தொண்டை சரியில்லை. மிளகுப்பால், அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. ஆனாலும் காலையில் பாட உட்கார்ந்தால், மேலே போகும்போது குரல் கீச்சிட்டது. அவருக்குத் தம்பூரா கிடையாது. தரைத்தள வீடு என்பதால், கீழே சுற்றும் சுழல்தேக்கியின் ரீங்காரம்தான் அவருக்குச் சுருதி.

"வயசாயிருச்சுங்க, ஒத்துக்கங்க," என்றாள் அவர் மனைவி சுலோச்சனா.

"பூஜைக்கு மொத நாள் வரைக்கும் நல்லா எட்டுச்சே. ஒரே நாள்லயா வயசாகும்?"

வளைகாப்பு முடிந்து பிறந்தவீட்டுக்கு வந்திருந்த மகள் மகிழினி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, உள்ள இருக்கறவன் உங்க பாட்டக் கேட்டா உதைக்கறான்."

கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு மின்கம்பி ஓடிய காலம் மலையேறிவிட்டது. மொட்டைமாடித் தகடுகள் வாங்கும் வெயிலை, ஒவ்வொரு குடியிருப்பின் அடியிலும் சுழல்தேக்கி என்ற கனத்த சக்கரம் சுழற்சியாகச் சேர்த்து வைக்கும். இரவில் அந்தச் சுழற்சியே மின்சாரமாக வீடுகளுக்குத் திரும்பும். அந்த வேகத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் சாம்பல் மூட்டம்தான் தெரியும். அதற்காகத்தான் துடிப்பொளி வந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்துக்கு ஒருமுறை அந்த விளக்கு மின்னல்போல் வெட்டும். அப்போது விளிம்பில் உள்ள வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். புள்ளி நகர்ந்தால் வேகம் பிசகுகிறது என்று அர்த்தம். சக்கரத்தின் வேகத்தைப் பிடித்துவைக்கும் ஒளிக்கண் என்ற கருவியும் அந்தப் புள்ளியைத்தான் நம்பியிருந்தது. ஊரில் குசலம் விசாரிப்பதே மாறிப்போயிருந்தது. "வீட்ல எல்லாம் நிக்குதுங்களா?" என்பார்கள். "நிக்குதுங்க" என்றால் எல்லாரும் சௌக்கியம்.

சுலோச்சனா தேக்கிக் கம்பெனியில் கண்காணிப்புப் பொறியாளர். தினமும் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து "நிக்குது" என்று சொல்வது அவள் வேலை. நேற்றுக்கூடச் சொல்லியிருந்தாள்.

ராஜமாணிக்கம் விடுவதாயில்லை. பரணிலிருந்து பழைய சுருதிப்பெட்டியை இறக்கித் தூசு தட்டி, தன் பழைய ஸட்ஜத்தை வைத்தார். ரீங்காரத்தோடு சேர்த்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"என் தொண்டை சரியாத்தான் இருக்கு புள்ள. உன்ற சக்கரந்தான் ஏறி உக்காந்திருக்கு. ஸட்ஜத்துல நிக்க வேண்டியது மத்யமத்துல நிக்குது."

சுலோச்சனா காபியைக் கீழே வைத்தாள். ஸட்ஜம் மூன்று முறை அதிரும் நேரத்தில் மத்யமம் நான்கு முறை அதிரும். அப்படியென்றால் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய சக்கரம் நான்கு சுற்றுகிறது. ஆனால் புள்ளி நிற்கிறதே! அது எப்படி?

அடக் கடவுளே, அந்தப் பொட்டு.

இந்த வருஷம்தான் முதன்முறையாக ஆயுத பூஜையன்று சக்கரங்களை நிறுத்தி, மூடியைத் திறந்து துடைத்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தண்டபாணி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "மிக்ஸிக்கு வெக்கறோம், ஸ்கூட்டருக்கு வெக்கறோம். ஊட்டுக்கு வெளக்கு எரிய வெக்கற சக்கரத்துக்குப் பொட்டு வெக்காம விடறதாங்க?" சந்தனம் பறந்துவிடுமே, ஒரு பக்கம் மட்டும் எடை கூடினால் சக்கரம் உதறுமே என்று பயந்து, சுலோச்சனாதான் வழி சொன்னாள். சிவப்புச் சாயத்தில் சம தூரத்தில் மூன்று பொட்டு வையுங்கள், ஒன்று வெள்ளைப் புள்ளியின் மேலேயே இருக்கட்டும் என்றாள். யோசனை பிரமாதம் என்று கம்பெனி அதை அன்றைக்கே எல்லாக் குடியிருப்புகளுக்கும் அனுப்பியது. அவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

மூன்று பொட்டும் ஒன்றைப்போல ஒன்று. விளக்கின் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் சக்கரம் ஒரு சுற்றும் இன்னொரு மூன்றிலொரு பங்கும் ஓடினால், முதல் பொட்டு இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும். ஒளிக்கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் வித்தியாசமே தெரியாது. பூஜைக்கு மறுநாள் அடித்த வெயிலில் வேகம் பிசகிப் பொட்டுகள் ஓடியிருக்கும். மறுபடி நின்றதும் ஒளிக்கண் அந்த வேகத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மழை வந்தது. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

உச்சி வெயில் வந்தால் சக்கரம் இன்னும் ஒரு மூன்றிலொரு பங்கு கூடி, பொட்டுகள் நிற்கும் அடுத்த படிக்குத் தாவும். அந்த வேகத்தை விளிம்பு தாங்காது. சிதறினால் முதலில் போவது இந்த வீட்டுத் தரை. மகிழினி அந்தத் தரையில்தான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுலோச்சனா அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி சாமி. எதிர் பில்டிங்ல உன் சிநேகிதி வீடு இருக்குல்ல, அங்க போயிரு. கேள்வி கேக்காத, போ."

மகள் சாலையைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குள் நுழையும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, தலைமையகத்தைக் கூப்பிட்டாள். மாடித் தகடுகளின் இணைப்பை அவர்கள்தான் துண்டிக்க முடியும்.

"ஒளிக்கண் பச்சை காட்டுது மேடம்," என்றான் பணியில் இருந்தவன். "பாட்டு சரியா வரலைன்னு எப்படி மேடம் கரண்டை வெட்டறது?"

தண்டபாணியை இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று சிவப்புப் பொட்டுகள், வரைந்து மாட்டியதுபோல நின்றன.

"நிக்குதுங்களே!" என்றார் அவர்.

"நிக்கலைங்க. நின்ன மாதிரி நம்மள ஏமாத்துது. எல்லார்த்தையும் கிரைண்டர் போடச் சொல்லுங்க. ஏசி, அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், எது இருக்கோ எல்லாத்தையும் போடச் சொல்லுங்க. வர்ற வெயிலவிட நாம அதிகமாத் தின்னாத்தான் வேகம் எறங்கும்."

"கரண்டை மிச்சம் பண்ணுங்கன்னு இத்தன வருசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனவனுங்க நானு. இப்ப..."

"இப்ப அதே தொண்டையில மாத்திக் கத்துங்க!"

அவர் கத்தினார். ஊறாத அரிசியைப் போட்டவர்கள் உண்டு; வெறும் கல்லைச் சுற்றவிட்டவர்கள் உண்டு. மூன்றாம் மாடி அம்மாள் துவைக்காத துணியை இஸ்திரி போட்டாள். கட்டடமே கடகடத்தது. சுலோச்சனா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

பிறகு பொட்டுகள் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தன. வேகமாக ஓடின. கலங்கின. மறுபடி நின்றன.

மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ராஜமாணிக்கம், "ஸா..." என்று நிறுத்திப் பாடினார். குரல் தடையில்லாமல் எட்டியது. சுலோச்சனா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். தண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொழுது சாயற வரைக்கும் ஒருத்தரும் அணைக்கக்கூடாது!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மூவரும் காற்று வாங்க வாசலுக்கு வந்தார்கள். ராஜமாணிக்கம் இன்னொரு முறை "ஸா" பிடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"எங்கியோ தைவதம் கேக்குது," என்றார். "நல்லாக் கேளு. த... தா... அது நம்முளுது இல்லை."

மூன்று சுற்ற வேண்டிய சக்கரம் ஐந்து சுற்றினால் தைவதம்; மத்யமத்துக்குப் பிறகு பொட்டுகள் நிற்கும் அடுத்த படி, விளிம்பு தாங்காத படி, அதுதான். கைதட்டல் வாங்கிய யோசனை எல்லாக் குடியிருப்புக்கும் போயிருந்தது சுலோச்சனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரீங்காரம் சாலைக்கு அந்தப் பக்கம், எதிர்க் கட்டடத்தின் அடியிலிருந்து வந்தது. அவள் சாலையில் இறங்கி ஓடிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"மகி, வெளிய வா! உடனே வெளிய வா!"

"அட, ஏம்மா இப்படிப் பதறற?" மகிழினியின் குரலில் சிரிப்பு இருந்தது. "நீ பயந்ததப் பாத்து எனக்கும் பயமாப் போச்சு. அதான் இவங்க என்னைக் கீழ கூட்டிட்டு வந்து காட்டினாங்க. கண்ணாடிகிட்டத்தான் நிக்கறேன். மூணு பொட்டும் அசையாம நிக்குதும்மா."