பிளவுமலைக்குள் போன சஃபூரா

"தனியாகவா போகிறாய்? நீ திரும்பி வராவிட்டால் தேட ஆள் அனுப்ப மாட்டேன்!" என்றார் படைத்தலைவர் வல்லபன்.

"தெரியும் சார்," என்ற சஃபூரா, பையை முதுகில் இறுக்கிக்கொண்டு கப்பலிலிருந்து செம்மண்ணில் குதித்தாள்.

கருவேழம் என்ற அந்தக் கிரகத்தைப் பிடிக்க முடியாமல் பூமியின் படை மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தது. பிளவுமலைக்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. இரண்டும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. மலையை ஊடுருவிப் போகும் குகை ஒன்று இருப்பதாகப் பேச்சு. அது கிடைத்தால் பீரங்கி வண்டிகளை உள்ளே விட்டு, இரண்டு நாட்டையும் ஒரேயடியாக மடக்கிவிடலாம்! அதைத் தேடிப் போன உளவு வீரர் ஜேசுராஜ் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அவருடைய அணியில் இருந்த சஃபூரா மட்டும் நம்பவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கு புழுதியை உள்ளே இழுப்பதைக் கண்டாள். காற்று போகிறதென்றால் வழி இருக்கிறது! தவழ்ந்து நுழைந்தாள். சற்று தூரத்தில் ரேடியோ செத்தது. அதுவரை எரிச்சலூட்டிய வல்லபனின் குரலுக்காக இப்போது ஏங்கினாள். "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். அவள் குரல்தான் உடைந்து உடைந்து திரும்பி வந்தது.

குகை அகன்றது. தூரத்தில் விளக்கொளி! துப்பாக்கியை நீட்டியபடி நெருங்கியவள் திகைத்து நின்றாள்.

பாறைத் திட்டுகளில் வரிசையாகப் பிணங்கள். சாம்பல் சீருடை வடக்கு, மஞ்சள் சீருடை தெற்கு. மஞ்சள் உடைக்காரன் ஒருவனும் சாம்பல் உடைப் பெண் ஒருத்தியும் சேர்ந்து ஓர் உடலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. அவன் மட்டும் ஒரு மூலையைக் கைகாட்டினான்.

அங்கே, காலில் கட்டுடன் ஜேசுராஜ்!

"அண்ணே!"

"துப்பாக்கியை இறக்கு, சஃபூரா. இங்கே சண்டை கிடையாது. சண்டைல செத்த அவங்கவங்க பிள்ளைகளை ரெண்டு நாட்டுக்காரங்களும் எடுத்துட்டுப் போக வர்ற இடம். கால் முறிஞ்சு கிடந்த எனக்கு ரெண்டு பக்கத்தாரும் சோறு போட்டாங்க."

"குகை அந்தப் பக்கம் வரைக்கும் போகுதா?"

"போகுது. நீ வந்த இடுக்கை உடைச்சா வண்டியே போகலாம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரைத் தோளில் தாங்கி, இடுக்கில் மெல்ல இழுத்து அவள் வெளியே வந்ததும் ரேடியோ உயிர்பெற்றது.

"பாதை கிடைத்ததா?" வல்லபனின் குரல்.

பொய் சொல்லலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

"கிடைத்தது சார். ஜேசு அண்ணனும் கிடைத்துவிட்டார். ஆனால் பாதையைக் காட்ட மாட்டேன்."

"இது உத்தரவு!"

"பிணம் எடுக்க வருகிறவர்கள் மேல் வண்டியை ஏற்ற வழிகாட்ட என்னால் முடியாது சார்."

ஜேசுராஜும் வழிகாட்ட மறுத்துவிட்டார். பாதையைத் தேடிப் போன வீரர்களைப் புழுதிப்புயல் விரட்டியது. எரிபொருள் தீர்ந்துவந்ததால், படை வெறுங்கையோடு பூமிக்குக் கிளம்பியது.

சஃபூராவின் பதவி பறிபோனது. திரும்பும் வழியெல்லாம் யாரும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசையே காலியாகும். ஆளைக் காப்பாற்றி வந்தாயே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சரியென்று பட்டதைச் செய்தால் கைதட்ட ஆள் இருக்க வேண்டுமென்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கால் ஓரளவு தேறி எழுந்த ஜேசுராஜ் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"குழம்புல உப்பே இல்லை," என்றார்.

"ஆமாண்ணே," என்றாள் சஃபூரா.